மஞ்சளாகிப்போன வெள்ளைக்கல்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12 மார்ச் 1934

பினாங்கில் இருக்கும் சீதாலெட்சுமி அக்காவுக்குத் தம்பி கன்னையா வணக்கத்துடன் எழுதுவது.

அம்மாவின் மூக்குத்திக் கல்லை நான் மாற்றிவிட்டேன் என்று அப்பா உனக்கு எழுதியிருப்பார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் எதையும் செய்வான் என்பது அவர் கட்சி. நான் மாற்றவில்லை. நடந்ததைக் கேள்.

அம்மாவின் கன்னத்துப் புற்றுக்கு டாக்டர் ரேடியம் ஊசிகளைச் சதைக்குள் செருகி, சில நாள் அப்படியே விட்டிருந்தார். நர்ஸ் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னாள். புருஷன் இருக்கும்போது கழற்ற மாட்டேன் என்று அம்மா ஒரே பிடிவாதம். ஊசிகளை எடுத்து, கன்னத்துக் கட்டைப் பிரித்தபோது, தண்ணீர் போலிருந்த கல் தேன் மாதிரி மஞ்சளாகியிருந்தது! வீடு திரும்பிய அம்மாவைப் பார்க்க வந்த, மூக்குத்தி செய்த கிள்ளான் பத்தர், இது நான் வெச்ச கல்லே இல்லீங்க என்றார். அவ தூங்கறப்ப மாத்திட்டியாடா என்று அப்பா என் மேல் பாய்ந்தார். வாய்ப்புண்ணால் பேச முடியாத அம்மா இல்லையென்று தலையாட்டினாள். மகனைக் காப்பாத்துறா பாரு என்றார் அப்பா.

கோபத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப்போடும் டிரெசர் கிரிகரி அண்ணனைப் பிடித்தேன். அவர் சிரித்தார். ஒருத்தனும் மாத்தலைலா, ரேடியம் பண்ண வேலை என்று சொல்லி, ரேடியம் இருந்த கண்ணாடிக் குழாயைக் காட்டினார். வந்தபோது நிறமே இல்லையாம். இப்போது கத்தரிப்பூ நிறம். அக்கா, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுக்குத் தெரியாது, சத்தமில்லை, ஈயப் பெட்டியில் அடைத்தாலும் கொஞ்சம் கசியுமாம். இரும்பு கீறாத கல்லுக்குள் புகுந்து சாயம் போட்டிருக்கிறது! கல்லையே விடாதது அம்மாவுக்குள் என்னென்ன செய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே தண்டவாளத்தோரமாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.

கிரிகரி அண்ணன் சொன்னபடி, வெயில் பட்டால் மஞ்சள் இறங்கி, கல் பழையபடி வெளுக்குமாம். சொன்னேன். கதை விடாதேடா என்றார் அப்பா. அம்மா மட்டும் ஜன்னலைக் கை காட்டினாள். கட்டிலை அங்கே நகர்த்தினேன். தினமும் அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பி வெயிலில் கிடக்கிறாள். கண் கூசி நீர் வழிகிறது. நகர மாட்டேன் என்கிறாள். எனக்காகத்தான். நேற்று அப்பா குனிந்து கல்லையே வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்குக் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தார்.

இனி ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்க அப்பாவுக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை.

கல்லில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் இருக்கிறது. அது முழுக்க வெளுப்பதற்குள், அத்தானிடம் சொல்லிக்கொண்டு படகில் அக்கரை வந்து, பிறை ஸ்டேஷனில் ரயிலேறிவிடு அக்கா. வழிக்கு மாரியாத்தா துணை.

உன் தம்பி
கன்னையா