அலமாரியின் முதுகு

மார்ச் 4
சுவர் முழுக்க மரமுகமூடிகள், மூலைக்கு மூலை மூக்குடைந்த மண்குதிரைகள். போதாதென்று இன்று நான்கு ஆட்கள் மூச்சுவாங்க ஒரு பழைய அலமாரியை இறக்கிவிட்டுப் போனார்கள். கதவெல்லாம் சாயம் வெளுத்த பறவைகள். ஒன்றுக்காவது கண் நேராக இருக்க வேண்டுமே! “கிராமத்துக் கை வரைஞ்சது, தெரியுமா?” என்று இவர் தடவித் தடவிப் பார்க்கிறார். பெற்ற பெண்ணை இப்படிப் பார்த்ததில்லை.

மார்ச் 6
தொட்டால் ஆடுகிறது. பாப்பா இப்போதுதான் எதையாவது பிடித்து எழுந்து நிற்கிறாள். கீழ் இழுப்பறையின் பிடி சரியாக அவள் கைக்கு எட்டுகிறது. சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ முடுக்கிவிடலாம் என்றேன். தன் அம்மாவை நான் வைதுவிட்டது போல் பார்த்தார்.
“இதுல ஓட்டையா? ஒரு ஆணிகூடப் படாத மரம்மா இது. வித்த வியாபாரியே சொன்னாரு.”
சொல்லாமலா இருப்பார்?

மார்ச் 9
டிவியைச் சுவரில் முடுக்கியாயிற்று. மேசை முனைக்கெல்லாம் ரப்பர் ஒட்டியாயிற்று. பறவைகளுக்கு மட்டும் விலக்கு. “நீ குழந்தைய அந்தப் பக்கம் விடாம பாத்துக்கோயேன்.” பாத்துக்கோயேனாம்! அப்போ நான் குளிக்கறது? மூச்சு விடறது?

மார்ச் 10
கனவிலும் அதுதான் சாய்கிறது.

மார்ச் 13
வியாபாரி வந்திருந்தார். இருவரும் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பறவைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா பக்கவாட்டில் தவழ்ந்து வந்து பிடியைப் பிடித்து எழுந்தாள். இழுப்பறை வெளியே வந்தது. அலமாரி அவள் பக்கம் சாய்ந்தது — நான் ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன். பக்கத்திலேயே நின்ற இவர் முதலில் எதைத் தொட்டார்? கதவை.
“நல்லவேளை, கீறல் இல்ல.”
த்தூ.

மார்ச் 14
இவர் வேலைக்குக் கிளம்பியதும் இவருடைய அக்காவுக்குப் போன் செய்தேன். அண்ணி டிரில் மெஷினோடு வந்து நின்றார்.
“சட்டை கசங்கும்னு கூடப்பொறந்த தம்பியவே தூக்க மாட்டான், இவன். நீ அந்தப் பக்கம் பிடி.”
அங்குலம் அங்குலமாக நகர்த்தித் திருப்பினோம். முதுகின் உச்சியில், இரு ஓரத்திலும், மெழுகு போல எதையோ அடைத்து மேலே சாயம் பூசியிருந்தது. அண்ணி கொண்டை ஊசியால் நோண்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது. துளை! உள்பக்கம் வரை போகும் துளை. சுற்றிலும் ஸ்க்ரூ அழுந்திய தடம்.
“ஆணி படாத மரமாம்ல!” அண்ணி தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் காலத்திலோ எவளோ ஒருத்தி இதே அலமாரியைப் பார்த்துப் பதறியிருக்கிறாள்.
மரத்தில் புதுத் துளை ஒன்றுகூடப் போடவில்லை. சுவரில்தான் போட்டு, பழைய துளை வழியாகவே ஸ்க்ரூவை முடுக்கினோம்.

மார்ச் 15
மெழுகுத் துணுக்குகளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வியாபாரி போனை எடுக்கவில்லையாம். சோறு இறங்கவில்லையாம். அன்னிக்குப் புள்ள மேல விழப் பாத்தப்ப நல்லா இறங்குச்சே?

மார்ச் 22
இவருடைய அலுவலக நண்பர்கள் வந்தார்கள். கதவைத் திறந்து டார்ச் அடித்து ஸ்க்ரூ இருக்கும் இடத்தைக் காட்டினார்.
“அந்தக் காலத்துலயே துளை போட்டிருக்காங்க, பாருங்க. இது இருந்தாத்தான் அசல்.”
வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பாப்பா கீழ் இழுப்பறையை இழுத்து, அதற்குள்ளேயே ஏறி நின்று, பறவையின் கோணல் கண்ணில் பளார் பளாரென்று அறைந்துகொண்டிருந்தாள். அலமாரி அசையவில்லை.