துக்கத்துக்கு ஆகாத எழுத்து

மார்ச் 9

அன்புள்ள உனக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய், அப்பாவின் இரங்கல் சுவரொட்டியைக் கிழித்தேன். செருப்புகூடப் போடவில்லை. பால் வாங்க வந்தவர்கள் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அது நம்முடைய குண்டு எழுத்து. பழைய சர்க்கஸ் விளம்பரங்களைப் பார்த்து நாம் வரைந்தோமே, அதே தொப்பை, உள்ளே ஊசிமுனை அளவு வெள்ளை, முறுக்கிய மீசை மாதிரி வால். ஜூஸ் கடைக்கும் சிரிப்புப் படத்துக்கும் தள்ளுபடி விற்பனைக்கும் என்று வரைந்தது. அதில் அப்பா ‘மறைந்தார்’ என்று இருந்தால் எப்படி இருக்கும்? கடை வாசலில் நின்று யாரோ கூவி அழைப்பது போல இருந்தது.

டெப்போவில் அப்பாவோடு பஸ் ஓட்டியவர்கள் ஒட்டியது. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். எழுத்துருவை விற்பது நீதானே, இனி துக்கத்துக்குக் கேட்டால் கொடுக்காதே.

அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாள். அப்பாவை எடுத்த அன்று நீ வந்து கடைசி வரை நின்றது எனக்குப் பெரிய தெம்பு. திரும்பி வந்துவிடு என்று கேட்டிருந்தாய். பிரிந்து இருந்தது போதும் என்றுதான் எனக்கும் படுகிறது. இந்த மாதம் போகட்டும்.

இன்னும் உன் மனைவி

மார்ச் 15

அன்புள்ள ரப்பருக்கு,

(வரைந்ததையெல்லாம் அழிப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?)

அந்தச் சுவரொட்டியைச் செய்தது நான்தான். அன்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

மாமாவுக்கு இரண்டு வருடமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு இங்கே வருவார். நான்தான் மருத்துவரிடம் கூட்டிப்போவேன். சரிசெய்ய முடியாது என்றுவிட்டார்கள். ஒருமுறை என் அறையில் மாட்டியிருந்த நம் குண்டு எழுத்துப் படத்தைப் பார்த்தபடி நின்றார்.

“மாப்ள, எனக்கு இது ஒண்ணுதான் தெரியுது. நான் போனா இதுலயே போடுங்க. என்கூட ஓட்டினவனுங்களும் கிழவனுங்கதானே, அவனுங்களுக்கும் தெரியணும்ல.”

உன்னிடம் சொல்லலாம் என்றேன். “வேணாம். முப்பது வருஷம் பஸ் ஓட்டின கண்ணு. அவ பரிதாபமா பார்ப்பா, எனக்குத் தாங்காது” என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

என்னைத் திட்டு. ஆனால் வா. உனக்காக மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். வெளிச்சம் நன்றாக வருகிறது.

உன்னவன்

மார்ச் 22

அன்புள்ள உனக்கு,

திட்ட ஒன்றும் இல்லை. அப்பாவை நீ தனியாக விடவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

தினமும் காலையில் செய்தித்தாளை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார். “நீ படிச்சாத்தான் நியூஸ் மாதிரி இருக்கு” என்பார். சோம்பேறித்தனம் என்று நினைத்துத் தலைப்புகளை மட்டும் கடகடவென்று படித்துவிட்டு எழுந்துவிடுவேன். நீ போன் செய்யும்போதெல்லாம், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பாய். நன்றாக இருக்கிறார் என்பேன். நீ ‘சரி’ என்பாய்.

அந்த ‘சரி’யைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. ஜாடையாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முழுப் பக்கத்தையும் படித்துக் காட்டியிருப்பேன். என்னிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டீர்கள். இனி உன் பக்கத்தில் உட்கார்ந்தால், நீ சொல்லும் ஒவ்வொரு ‘சரி’யையும் புரட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். அது உனக்கும் நரகம்.

குண்டு எழுத்தை நீயே வைத்துக்கொள். நான் வரவில்லை.

இதை அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நான் உன்னிடம் கிளம்புகிறேன் என்று நினைத்து, பக்கத்து அறையில் என் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
நான்