டீக்கடை முக்கில் எடுத்த கை

9-7-1976, வெள்ளி

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு இயக்கம் பாடத்தைத் தொடங்க வேண்டுமாம். டிப்ளமா மெக்கானிக்கல் படித்தவருக்கு இது தண்ணி பட்ட பாடு என்றார் ஹெட்மாஸ்டர் அர்த்தநாரி. என் பெண்டாட்டி செல்லாத்தாள் செத்து மூன்று மாதம். வேலைக்கு வந்தால் என் மனசு மாறும் என்று அவரே கூப்பிட்டுக் கொடுத்த தற்காலிக வாத்தியார் வேலை. முதலமடை முழுக்க என் மனசை மாற்றக் கிளம்பியிருக்கிறது.

புத்தகத்தைப் புரட்டினேன். ஓடும் பேருந்து திடீரென நின்றால் பயணிகள் முன்னோக்கிச் சாய்வர். சாய்வர்! என்ன மரியாதையான பயணிகள். படத்தில் எல்லாத் தலையும் ஒரே கோணத்தில். எழுதியவர் பஸ்ஸில் ஏறியதே இல்லை போலிருக்கிறது.

12-7

தூரம், நேரம், வேகம் நடத்தினேன். அடுத்தது சடத்துவம், அந்த நின்றுபோகும் பஸ். அதற்குப் பதிலாகப் பரீட்சை வைத்தேன். வீரன்.

13-7

"எல்லாம் அவ தலையெழுத்து, கண்ணு" என்றாள் அம்மா, சோறு போடும்போது. மூன்று மாதமாகவே அவளோடு பேச்சில்லை. போடுகிறாள், தின்கிறேன்.

தலையெழுத்தாம். நடந்ததை எழுதுகிறேன். மோட்டார் சைக்கிளின் வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டர். டீக்கடையை ஒட்டிய சந்திலிருந்து மாங்காய் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்தது. மூன்று மீட்டரில் நிறுத்தினேன். ஒரு நொடிக்குச் சற்று மேல். வண்டி நின்றது. நான் நின்றேன். பின்னால் உட்கார்ந்திருந்தவள் நிற்கவில்லை.

டீக்கடை முக்கு வந்தால் பெண்டாட்டி புருஷன் தோளிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். எங்கள் ஊரின் பெரிய நாகரிகம் இது. கல்யாணமான முதல் வாரமே அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள், நாலு ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கும் இடம் என்று. தினமும் கடைக்கு இருபதடி முன்னால் கை போகும். முக்கு தாண்டியதும் திரும்ப வரும். அன்றைக்கு முக்கு தாண்டவில்லை.

14-7

மழை. வேறொன்றுமில்லை.

15-7

நடத்திவிட்டேன். வண்டி நின்றால் பின்னால் இருப்பவருக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். முன்னோக்கிச் சாய்வர் என்று வகுப்பே ராகம் பாடியது. கிளிகள். கடைசி பெஞ்சிலிருந்து ராமாத்தாள் என்ற பெண் எழுந்தாள்.

"பிரேக் புடிக்கப் போறது ஓட்டறவருக்கு முன்னாடியே தெரியுமுங்க சார். ஹேண்டிலையும் புடிச்சிருப்பாருங்க. பின்னால இருக்கறவங்களுக்கு ஆருங்க சொல்றது?"

உட்காரச் சொன்னேன். மணி அடிக்கும் முன்பே வெளியே வந்துவிட்டேன்.

ஆரு சொல்றது? நாந்தான் சொல்லியிருக்கோணும். மூணு வருஷம் பாலிடெக்னிக்ல இதையேதான படிச்சேன்? அவ கையை எடுக்கறப்பெல்லாம் எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. கடைல சிரிப்பாங்கன்னு எனக்கும் கூச்சம். பழியைத் தூக்கி அம்மா ஒருத்தி தலையில வெச்சுட்டு மூணு மாசமா ஊமை வேஷம் — த்தூ.

24-7, சனி

அம்மாவைக் கொல்லங்கோட்டுக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகும் நாள். பஸ் வரவில்லை. வீட்டின் பின்பக்கம் கிடந்த வண்டியைத் துடைத்து எடுத்தேன். ஏறினாள். இரண்டு கையாலும் சீட்டின் ஓரத்தைப் பற்றிக்கொண்டிருந்தாள்.

முக்குக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். "தோளைப் புடிச்சுக்கங்கம்மா. பிரேக் புடிக்கறேன்" என்றேன்.

"அவளைப் புடிக்கவேண்டாம்னு சொல்லிப்போட்டு, நான் புடிக்கறதா கண்ணு?"

"புடிங்க. நானும்தான அவகிட்டச் சொல்லாம உட்டுட்டேன்."

கை வந்தது. கடை பெஞ்சிலிருந்த அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது, புத்தகத்துப் படம் மாதிரி ஒரே கோணத்தில். பார்த்துக்கொள்ளட்டும்.

போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு பிரேக்குக்கும் சொல்லிவிட்டே பிடித்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அப்புறமும் அம்மா கையை எடுக்கவில்லை.