பூங்காவில் அளந்த காற்று

பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை
காலை மணி 7.40
தூசி அளவு 164

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. அதை எழுதக் கை கூசுகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே இருக்கும் 164 என்பது நம் வீட்டு மாடி அறை ஜன்னலில் கைக்கருவியை நீட்டிப் பிடித்து இன்று காலை நான் எடுத்த அளவு. அதே நேரத்தில் உன் போனில் 38 என்று காட்டியிருக்கும். பச்சை வட்டத்துக்குள் ஒரு சிரிக்கும் முகமும் இருந்திருக்கும். அறுபதைத் தாண்டினால் உன் பிள்ளை வாலுவை வெளியே ஓட விடக் கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். போனை நம்பாதே. மார்ச் ஒன்றாம் தேதி வராதே. பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதைத் திருப்பிக் கொடுத்துவிடு.

இதைப் போனில் சொல்ல இரண்டு தரம் முயன்றேன். நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் வழுக்கிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதனால்தான் கடிதம். முழுவதையும் படித்துவிட்டுத் திட்டு.

இரண்டு எண்ணும் சரி. கருவி பொய் சொல்லவில்லை. 38 என்பது பூங்காவுக்குப் பின்னால், குளத்தைத் தாண்டி, தோட்டக்காரர்கள் தங்கும் கட்டடத்து மொட்டைமாடியில் அளந்த காற்று. டிசம்பர் இரண்டாம் வாரம் வரை அந்தக் கருவி எங்கே இருந்தது என்று உனக்குத் தெரியும். பேருந்து நிலையத்து முனையில், லாரிகள் திரும்பும் இடத்தில், வாலுவின் பள்ளிக்கு எதிரே இருந்த தகரக் கூண்டு. நீ அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய அன்று 240 காட்டியது அதே கருவிதான்.

ஏன் இடம் மாறியது என்று கேட்பாய். ஒரு வருடத்தில் ஊரின் தூசியைப் பாதியாக்குவதாக அமைச்சர் பேசிவிட்டார். அதற்குப் பழைய பேருந்துகளைக் கழித்துப் புதியவை வாங்க வேண்டும். லாரிகளை ஊருக்கு வெளியே திருப்பிவிட வேண்டும். இரண்டுக்கும் ஒதுக்கிய பணம் பாதி வருடத்திலேயே வேறு எதற்கோ போய்விட்டது. பேச்சு மட்டும் அப்படியே நின்றது. பேருந்தை நகர்த்த முடியவில்லை, அதனால் கருவியை நகர்த்தினார்கள்.

நகர்த்தினார்கள் என்று எழுதுவது தப்பு. நகர்த்தியவன் நான்.

எங்கள் அலுவலக இயக்குநர் என்னைக் கூப்பிட்டு மூன்று இடங்களைக் கொடுத்தார். எது விதிப்படி சரியாக வரும் என்று பார்க்கச் சொன்னார். மற்ற இரண்டில் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால்கூட அளவு இவ்வளவு இறங்கியிருக்காது. நான் கெட்டிக்காரன் இல்லையா, நாடா பிடித்து அளந்தேன். மரத்திலிருந்து எவ்வளவு தூரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எல்லாம் பார்த்தேன். எந்தத் தணிக்கைக்காரனும் கை வைக்க முடியாதபடி, விதியின் விளிம்பில் கச்சிதமாக உட்காரும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஒரே நாளில் கழற்றி, ஏற்றி, பூட்டி, சரிபார்த்து ஓட விட்டேன். இயக்குநர் தோளில் தட்டிக் கொடுத்தார். அன்று எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். இடம் மாறிவிட்டது, அளவு நிலையத்தின் பெயரையும் மாற்ற வேண்டாமா என்று. அவர், "பேரை மாத்திட்டா பழைய கணக்கோட எப்படிப்பா ஒப்பிடுறது? அது பாட்டுக்கு இருக்கட்டும். நம்பர் குறைஞ்சா நாமளும் கொஞ்சம் மூச்சு விடலாம்" என்றார். சரி சார் என்று வந்துவிட்டேன். அதனால் இன்றும் உன் போனில் அது பேருந்து நிலையச் சந்திப்பு. அந்தச் செயலியை உன் போனில் போட்டுக்கொடுத்து, நம் வீட்டுக்குப் பக்கத்து நிலையம் இதுதான், தினமும் இதைப் பார் என்று சொன்னவனும் நான்தான்.

ஜனவரியில் அமைச்சர் தொலைக்காட்சியில் வரைபடத்தைக் காட்டினார். கோடு செங்குத்தாக இறங்குகிறது. அம்மா தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். "என் பையன் மிஷின்தான் காத்தை இறக்கிடுச்சு" என்று ஒரே பெருமை. எதிர்வீட்டுத் தையல்காரர் அண்ணன், "அப்படியே அந்த வெயிலையும் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கம்மா, கடைல உக்கார முடியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரம்தான் உன் செய்தி வந்தது. அளவு குறைந்துவிட்டதே, நாங்கள் திரும்பி வந்துவிடலாம் போலிருக்கிறதே, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஊரில் வேறு யாரையும் கேட்காமல் என்னைக் கேட்டாய். அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு "மகிழ்ச்சி" என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். அக்கா, கருவியை நகர்த்தியது உத்தரவு. அந்த ஒரு வார்த்தை யாருடைய உத்தரவும் இல்லை.

அதற்குப் பிறகு என் கண்ணெதிரில் வீடு மாறத் தொடங்கியது. அம்மா மாடி அறைக்கு வெள்ளை அடித்தாள். மாமா பேருந்துப் பணிமனையில் இரவு வேலையை வேறொருவருக்கு மாற்றிக்கொண்டார். நீங்கள் இருவரும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாள் தனியாக இருந்த மனுஷன், வேலைக்குப் போகும்போது விசில் அடிக்கிறார். ஒரு நாள் என் எதிரில் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார். கருப்பாக இருந்தது. சட்டென்று மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பார்த்ததை அவர் பார்த்தார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

இப்போது நெஞ்சு டாக்டரின் விஷயம். வாலுவுக்கு முதன்முதலில் மூச்சளக்கும் குழாயை ஊதச் சொல்லிக்கொடுத்தாரே, அவர்தான். பள்ளி பள்ளியாக ஒரு வண்டியில் போய் அறுநூறு பிள்ளைகளை வாராவாரம் ஊதச் சொல்லி, நுரையீரல் எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த வண்டியிலேயே இழுப்பு வரும் பிள்ளைகளுக்கு மருந்துக்குப்பியும் கொடுப்பார்கள். ஜனவரி முதல் வாரம் என் அலுவலகத்துக்கு வந்தார். கோபமே இல்லை. "பிள்ளைங்க ஊதுறது வாரத்துக்கு வாரம் குறையுது. உங்க நம்பர் நல்லாயிட்டே போகுது. ரெண்டுல ஒண்ணு தப்பு. என் பக்கம்தான் தப்புன்னா சொல்லிடுங்க, திருத்திக்கிறேன்" என்றார். நான், "கருவியில தப்பு எதுவும் இல்ல மேடம்" என்றேன். அது உண்மை. எவ்வளவு சுத்தமான உண்மை பார். நேரத்தை வீணாக்கியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

போய், தன் குழாய்களையெல்லாம் மூன்று வாரம் திரும்பத் திரும்பச் சோதித்தார். அதற்குள் நிதிக்குழு கூடிவிட்டது. காற்று சரியாகிவிட்டது, இனி இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டார்கள். அதோடு, அரசு அளவோடு ஒத்துப்போகாத முடிவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று ஒரு வரி வேறு. பணத்தை நிறுத்திவிட்டார்கள். அவரிடம் வேலை பார்த்த இரண்டு பெண்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வண்டி மருத்துவமனைப் பின்வாசலில் நிற்கிறது. டயரில் காற்று இறங்கிவிட்டது.

இதுவரை நடந்ததையெல்லாம்கூட மென்று விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை தையல்காரர் அண்ணனின் மகனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். வாலுவோடு ஒரே பெஞ்சில் உட்காருவானே, அந்தப் பையன். பள்ளியில் ஓட்டப்பந்தயம். வண்டி வராததால் மருந்துக்குப்பி தீர்ந்திருக்கிறது. நம்பர்தான் நன்றாக இருக்கிறதே என்று அவரும் புதிதாக வாங்கவில்லை. ஓட விட்டிருக்கிறார். பாதித் தூரத்தில் விழுந்துவிட்டான்.

பயப்படாதே, பிழைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் நான் பார்க்கப் போனபோது முகத்தில் ஆக்சிஜன் மூடியோடு படுத்திருந்தான். கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காத்துதான் நல்லாயிருக்கே தம்பி, அப்புறம் ஏன் இவனுக்கு இப்படி ஆச்சு? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பனியா இருக்கும்ணே."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். அப்போதுகூட முதலில் தோன்றியது அந்தப் பையன் முகம் இல்லை. மார்ச்சில் அந்தக் கட்டிலில் வாலு படுத்திருந்தால் நீ என்னிடம் இதே கேள்வியைக் கேட்பாய், அப்போதும் நான் பனி என்றுதான் சொல்வேனோ என்று தோன்றியது. அடுத்தவன் பிள்ளை விழுந்தபோதும் எனக்கு நம் வீட்டுக் கணக்குதான் வந்தது. அதையும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.

நேற்று அலுவலக அலமாரியிலிருந்து கைக்கருவியை எடுத்துவந்தேன். இன்று விடிந்ததும் பள்ளி வாசலில் 187. தையல்கடை முன்னால் 171. பிறகு நம் மாடி. அம்மா காபியோடு மேலே வந்து, என்னடா அளக்கிறாய் என்று கேட்டாள். வெள்ளையடித்த வாசனை போயிருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். பார், இன்று காலையிலும் ஒரு பொய்.

உன்மீது பழி எதுவும் வராது. வருவதாகச் சொல்லிவிட்டு ஏன் வரவில்லை என்று யாரும் உன்னைக் கேட்கக் கூடாது. நான் சொல்லித்தான் வரவில்லை என்று எல்லோரிடமும் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே கடலோர ஊரில், ஒற்றை அறையில், தற்காலிக வேலையில், ஒருத்தியாகக் கிடந்து நீ படுவது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இன்னும் கொஞ்ச நாள் இரு என்று கேட்கிறேன். இதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம்.

வாலுவுக்கு என் அன்பும் ஆசியும். நன்றாக வளரட்டும். எனக்கு வளவளவென்று எழுத வராது. இனிச் செய்யப் போவதை மட்டும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. இதை ஒட்டியதும் கீழே போய் அம்மாவிடம் சொல்வேன். காபி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதே.

2. தையல்காரர் அண்ணனிடம் பனி இல்லை என்று சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

3. பத்து மணிக்கு இயக்குநரிடம் எழுத்தில் கொடுப்பேன். கருவி பழைய இடத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் நிலையத்துக்குப் பூங்கா என்று பெயர் வைக்க வேண்டும். முடியாது என்றுதான் சொல்வார்.

4. நெஞ்சு டாக்டர் மேல்முறையீடு செய்ய வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. இடமாற்ற உத்தரவின் நகல், தேதி, இன்றைய அளவுகள், எல்லாவற்றையும் மதியமே கொடுப்பேன். கீழே என் பெயரும் கையெழுத்தும் இருக்கும். வேலை போகலாம். போனால் போகட்டும் என்று வீரமாக எழுத வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

5. சாயங்காலம் பணிமனைக்குப் போய் மாமாவிடம் சொல்வேன். சனிக்கிழமை பேருந்தில் அவரை உன்னிடம் அனுப்பிவைப்பேன். நானும் கூட வந்து, உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்பேன். உன் முகத்தைப் பார்க்க முடியாவிட்டால் வாசலிலேயே நின்றுகொள்கிறேன்.

6. அதுவரை தினமும் இரவு எட்டு மணிக்கு உனக்குப் போன் செய்வேன். நீ எடுக்க வேண்டாம். வாலுவை எடுக்கச் சொல். கடற்கரையில் ஓடிவிட்டு வந்த கையோடு எடுக்கட்டும். அவன் மூச்சு விடுவதை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி