செட்டை டியூன் செய்தவனுக்கு

உனக்கு வானொலியில் பேச உரிமம் தர மறுத்தது அநியாயம். உரிமம் வைத்திருந்த நான் உன்னை ஒரு வார்த்தைகூடப் பேச விடாதது அதற்கு அடுத்த அநியாயம். முதலாவதைச் செய்தவர்கள் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதை ஒத்துக்கொள்ள எனக்கும் இவ்வளவு காலம் பிடித்தது.

இன்று காலை வானொலிச் செட்டைத் துடைத்து சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் சூடேறி, உள்ளே படிந்த தூசி கருகும் வாசனை வந்தது. நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாளாகிவிட்டது என்று என் கைக்குத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியை உனக்காக இழுத்துப் போட்டது.

பாடசாலைக் கண்காட்சிக்கு இந்தச் செட்டைக் கேட்கிறார்கள். விஞ்ஞான மாஸ்டர் அதன்மேல் வைக்கும் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். பதுளையிலிருந்து உலகத்தோடு பேசியவர் என்று என் பெயர் போட்டிருந்தது. என் பெயர் மட்டும். வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். அவருக்குக் கோபம். இருக்கட்டும்.

ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் பழுதாக்கி விட்டுப்போன செட் அது. இரும்புக்கடை வைத்திருந்த நான் புத்தகத்தைப் பார்த்து நானாகவே படித்து, பரீட்சை எழுதி, உரிமம் எடுத்திருந்தேன். செத்த செட்டுக்கு உயிர் கொடுக்கத்தான் தெரியாது. தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் எலெக்ட்ரீசியனாக இருந்த நீ ஃபியூஸ் கம்பி வாங்க வந்தாய். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாய். "கண்டென்சர் ஒன்னு செத்திருக்கு நானா. மத்ததெல்லாம் உங்களப் பாத்து பயந்துபோய்க் கிடக்கு" என்றாய். முஸ்லிம் கடைக்காரன் என்பதால் முதல் நாளே 'நானா' என்று என்னை அண்ணன் முறை வைத்தாய்.

கடைக்குப் பின்னால் நின்ற யூகலிப்டஸ் மரத்தில் ஏறி ஏரியல் கம்பியைக் கட்டியதும் நீதான். உயரம் போதாது, புத்தகத்தில் அப்படி இல்லை என்று நான் கீழே நின்று சத்தம் போட்டேன். அப்படியானால் ஏறி வந்து மரத்துக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று மேலேயிருந்து பதில் வந்தது.

நீயும் பரீட்சைக்கு விண்ணப்பித்தாய். குடியுரிமை இல்லாதவருக்கு உரிமம் இல்லை என்று கடிதம் வந்தது. உன் அப்பாவே இந்தத் தீவில், ஹல்துமுல்லையில் பிறந்தவர்; இந்தியாவிலிருந்து வந்த தோட்டக்காரர் வம்சம் என்று உங்களுக்குக் குடியுரிமை தரவில்லை. நீ அந்தக் கடிதத்தை நாலாக மடித்து, செட் ஆடாமல் நிற்க அதன் காலுக்கு அடியில் வைத்தாய்.

அப்புறம் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பேசுவது நான், டியூன் செய்வது நீ. ஒலிவாங்கியில் நீளமாக ஒரு விசில் அடித்து, மீட்டர் முள் எழும்புவதைப் பார்த்து, இரண்டு குமிழ்களையும் திருப்பி முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்துவாய். உரிமம் இல்லாதவன் பேசக் கூடாது, ஆனால் விசில் பேச்சில் சேராது என்பது நானே வகுத்த சட்டம்.

எழுபதுகளில், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் இரு நாட்டு ஒப்பந்தப்படி, உன் தங்கச்சியைப் புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷமாகக் கடிதம் இல்லை. நீ பாதியாக இளைத்துப்போனாய். ஞாயிறு காலைகளில் நான் பேசும் திருச்சி நண்பர் எப்படியோ அவளைத் தேடிப் பிடித்து, தன் செட்டுக்கு முன்னால் உட்கார வைத்தார்.

நீ என் கையைப் பிடித்தாய். "நானா, 'அண்ணன்'னு மட்டும் சொல்லிக்கிறேன். ஒரே வார்த்தைங்க."

"லைசன்ஸ் போயிரும். நீ சொல்லு, நான் சொல்றேன்."

நீ மறுபடி கேட்கவில்லை. டியூன் செய்யக் குனிந்தாய். வழக்கமான நீண்ட விசில் வரவில்லை. இரண்டு குட்டையாக, ஒன்று நெட்டையாக, கடைசியில் மேலே வளைந்து ஒன்று வந்தது. முள் கண்டபடி ஆடியது. டியூன் பண்ணும் லட்சணமா இது என்று ஏசினேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு திருச்சி நண்பரின் குரல்: "சார், இந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே சிரிக்குது. அண்ணன இன்னொரு தடவ டியூன் பண்ணச் சொல்லுது."

நீ முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாய். கொழுந்து பறிக்கும் மலையில் நிற்கிறவளை லயத்து வீட்டுக்குக் கூப்பிடும் விசில் அது என்று மெதுவாகச் சொன்னாய். அன்றைக்கு கால் மணி நேரம் டியூன் மட்டும்தான் நடந்தது. அந்தப் பக்கத்துச் செட்டுக்கும் டியூன் தேவைப்பட்டது போலிருக்கிறது. அங்கிருந்தும் அதே விசில், பாதியில் உடைந்து உடைந்து வந்தது. நீ விரும்பிக் கேட்ட அந்த ஒரு வார்த்தையை நான்தான் அவளுக்குச் சொன்னேன், என் குரலில். ஒவ்வொரு பேச்சையும் குறித்துவைக்கும் பதிவேட்டில் 'இயக்கியவர்' என்ற இடத்தில் என் பெயரைத்தான் எழுதினேன்.

திருச்சி நண்பர் ஊர் மாறினார். இன்னொரு ஞாயிறு உங்கள் இருவருக்கும் கிடைக்கவில்லை. உனக்குக் குடியுரிமை வந்தபோது பெக்டரி இரைச்சல் உன் இரண்டு காதையும் தின்றிருந்தது. உரிமத்துக்கான விண்ணப்பப் பத்திரத்தை வாங்கிவந்து நீட்டினேன். "இனி எதுக்கு நானா" என்று சிரித்து, எனக்கே திருப்பித் தந்தாய். நீ பேசியிருந்தால் உன் குரல் காற்றில் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதெல்லாம் யோசித்தபடி இருக்கிறேன்.

ஆகவே, செய்ய வேண்டியவை. விஞ்ஞான மாஸ்டர் புது அட்டை எழுத வேண்டும், உன் பெயர் மேலே, என் பெயர் கீழே; இல்லையென்றால் செட் இந்த வீட்டை விட்டு நகராது. உரிமம் மறுத்த அலுவலகம், செய்தது பிழை என்று உன் மகளுக்கு எழுத்தில் தர வேண்டும். தரும்வரை மாதாமாதம் நான் எழுதிக் கேட்பேன். பதிவேட்டில் ஓர் எழுத்தையும் திருத்தக் கூடாது என்று உன்னோடு எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே என் பெயரை வெட்டி, உன் பெயரை எழுத வேண்டியவன் நான். பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். பேனாவுக்கு மை ஊற்றியாகிவிட்டது.