பம்பைக் கேட்காமலிருக்கும்படி கேட்டது

பிப்ரவரி 3, செவ்வாய்
எங்கள் தீவின் வரலாற்றில் இன்று ஒரு பெரிய நாள். ஊர்மன்றம் காலையில் கூடி, ஆலோசித்து, மதியம் கலைந்து, சாப்பிட்டு, தூங்கி, மறுபடி கூடி, புதிய தண்ணீர்த் தொட்டிக்கு நீலநிறம் பூசுவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. பச்சைக்காக வாதாடியவர்கள் தோல்வியைக் கண்ணியமாக ஏற்றுக்கொண்டார்கள். கலைகிற நேரத்தில், தொட்டியை நிரப்பும் சூரியசக்திப் பம்புக்கு நான் காவல் என்றும் முடிவாயிற்று. அதற்கு விவாதம் தேவைப்படவில்லை.

தலைநகரிலிருந்து வந்திருந்த அதிகாரி திரோயா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "ரொதாரியாம்மா, இது நின்னுபோச்சுன்னா ஊருக்குக் குடிக்க வேற தண்ணி கிடையாது."

தெரியும். போன கடலேற்றத்தில் கடல் எல்லாக் கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. குழிவெட்டி நாங்கள் வளர்க்கும் பபாய்க் கிழங்கின் இலை மஞ்சளாகிவிட்டது. தீவின் நடுவில் ஒரே இடத்தில்தான் மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் மிச்சம். பம்பு அங்கே.

பிப்ரவரி 9, திங்கள்
ஓடுகிறது. தங்கை கினாய் கைக்குழந்தையோடு வந்து முதல் குடம் பிடித்தாள். "அக்கா, இனிக்குது!"

பிப்ரவரி 14, சனி
என் கணவர் கப்பலில் இருக்கிறார். அவர் தம்பி உவெரெட்டி கரையில் இருக்கிறான். இன்று வந்தான். கள் பாகு கலந்த தண்ணீரை நிதானமாகக் குடித்தான். என் சமையலைப் புகழ்ந்தான். அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். பம்போட பாட்டரி. ராத்திரி மீன்பிடிக்க விளக்குக்கு."

"ஊருக்குத் தண்ணி வேண்டாமா?"

"மீன் ஊருக்குத்தானே அண்ணி?"

புபூசி. சொந்தக்காரர் வாய்விட்டுக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். இல்லை என்றவளின் கெட்டபெயரை அவள் பேரப்பிள்ளைகள் கூடச் சுமக்க நேரும். கொடுத்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்
தொட்டி காலி. நீலநிறம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

கினாயின் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கிணற்று உப்புத்தண்ணீரில்தான் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை — கேட்டிருந்தால் தேவலை. என்ன பொம்பளை நான்? ஒரு விளக்குக்காகவா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தேன்?

இது இப்படியே போகக்கூடாது. போகவிட மாட்டேன்.

பிப்ரவரி 18, புதன்
உவெரெட்டியிடம் போய் அதே வழக்கப்படி பாட்டரியைக் கேட்டேன். முகம் சுளிக்காமல் கொடுத்தான், இரண்டு மீனும் சேர்த்து. எங்கள் ஆட்களைக் குறைசொல்ல முடியாது. அதுதான் கஷ்டமே.

பம்பு ஓடியது. மாலையில் மச்சான் ஒருவர் பம்பின் ரப்பர் குழாயைக் கேட்டு வந்தார். பன்றிகளைக் குளிப்பாட்ட. கொடுத்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி
யோசித்தேன். ஊரில் சொந்தமில்லாதவர் ஒரே ஆள்: வேறு தீவிலிருந்து வந்த வாத்தியார் மரேக்கோ. அவரிடம் யாரும் எதையும் கேட்க முடியாது. அடுத்த தீவுக்குப் போய்க் குழாய் வாங்கிவந்து மாட்டி, பம்பை அவர் பொறுப்பில் விட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி
வாத்தியாரை இரண்டு குடும்பங்கள் மகனாகத் தத்தெடுத்துவிட்டன. அவருக்கு வயது நாற்பத்தாறு. விருந்து பிரமாதம். இப்போது அவருக்கு அண்ணன் தம்பிகள் ஏராளம். பாட்டரி போய்விட்டது, குழாயும்.

"என்ன செய்யறது ரொதாரியாம்மா," என்றார், "அம்மா கேட்டாங்க." அழுதுவிடுவார் போலிருந்தது.

மார்ச் 1, ஞாயிறு
பூசை முடிந்து ஊர்மன்றம் கூடியது. என் குடும்பத்துக்கு உரிய இடத்தில் எழுந்து நின்றேன். பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்கறேன். புபூசி."

தலைவர் அரெத்தாக்கே கையசைத்தார். "கேளு, தாயி."

"பாட்டரியும் குழாயும் திரும்பி வரணும். இனிமே பம்பையும், அதைச் சேர்ந்த எதையும் யாரும் யார்கிட்டயும் கேக்கக்கூடாது. அதைக் கேக்கற உங்க உரிமையை எனக்குக் கொடுத்துடுங்க."

பின்னாலிருந்து ஒருவர்: "அட, கேக்கறதையே கேக்கறா பாரு!" சிரிப்பு.

அரெத்தாக்கே சுற்றிலும் பார்த்தார். "கேட்டுட்டா. இல்லைன்னு சொல்றவங்க எந்திரிங்க."

எப்படி எழுவார்கள்?

வெளியே உவெரெட்டி பக்கத்தில் வந்தான். "அண்ணி, ஊர் மொத்தத்துக்கும் கடன்பட்டுட்டீங்க. இனி ஒவ்வொருத்தரா வருவாங்க, தெரியுமா?"

"வரட்டும்."

மார்ச் 4, புதன்
பம்பு ஓடியது. என் சைக்கிளைக் கேட்டார்கள். கொடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்
கினாயின் குழந்தைக்கு வயிறு சரியாயிற்று. மடியில் வைத்திருந்தேன், என்மேல் மூத்திரம் பெய்தது. என் தையல் மெஷினை வாத்தியாரின் இரண்டாவது அம்மா கேட்டார். உவெரெட்டி என் பன்றியைக் கேட்டான், கொஞ்சம் வெட்கத்தோடு.

"பம்பைக் கேக்கலியே அண்ணி."

"கேக்கலை. கூட்டிட்டுப் போ."

மார்ச் 20, வெள்ளி
பம்பு நாள் முழுக்க ஓடியது. தொட்டி நிரம்பி வழிந்தது. மாலையில் குழாய் கேட்ட அதே மச்சான் வந்து, என் வீட்டுக்குச் சுவராக இருந்த ஓலைத்தட்டிகளைக் கேட்டார். அவிழ்த்துக் கொடுத்தேன். வீட்டுக்குள் நாலு பக்கமிருந்தும் காற்று வருகிறது.