மணலில் ஒரு நத்தை ஓடு

இன்று காலை கல்லூரி வாசலில் எம்-சாண்ட், அதாவது கல்லை அரைத்துச் செய்த மணல், இறக்கினார்கள். ஈரக் கல்தூளின் வாசனை வகுப்பறைவரை வந்தது. உடனே உன் ஞாபகம். நீ இருந்திருந்தால், "இரு, என்ன மண்ணுன்னு பாத்துட்டு வரேன்" என்று பாடத்தைப் பாதியில் விட்டுக் கிளம்பியிருப்பாய்.

பாலிடெக்னிக்கின் சுரங்கப் பிரிவில் நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சுழற்சிப் பொருளாதாரம் என்ற புதுப் பாடத்தையும் நம் இருவருக்கே பிரித்துக் கொடுத்தார்கள். வெட்டியெடுத்த கல்லில் எதையும் வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது எப்படி என்பதுதான் பாடம். நான் ஆசையோடு நடத்தினேன். நீ ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படித்தாய். "வீணே இல்லன்னு எவனாச்சும் சொன்னா எனக்கு நம்பிக்கையே வர மாட்டேங்குதுடி" என்பாய்.

மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கிரானைட் குவாரிக்காரர் ஒருவர், மாணவர்களோடு வந்து பார்க்கும்படி தாமாகவே நம்மை அழைத்தார். கழிவுக்கல் முழுவதையும் அரைத்து மணலாக்குகிறாராம். படிப்பு முடிந்ததும் சிலருக்கு வேலையும் தருகிறேன் என்றார். பஸ்ஸில் பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தார்கள். "நாம கேக்காமயே கூப்புடறான். ஏன்?" என்று நீ மட்டும் முணுமுணுத்தாய்.

அங்கே அரைக்கும் இயந்திரத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். நீ பெல்ட்டின் அடியில் குனிந்து பார்த்தாய். "ஓடுற மெஷின்னா உருளை பளபளன்னு இருக்கணும். இது துருப்புடிச்சுக் கெடக்கு" என்று என் காதில் சொன்னாய். பிறகு மணற்குவியலில் கைவிட்டு எதையோ எடுத்து, சுற்றிக்காட்ட வந்த குவாரி மேனேஜரிடம் நீட்டினாய். குட்டி நத்தை ஓடு.

"ஏங்க, பாறைக்குள்ள நத்தை குடியிருந்துச்சுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அது கல்லை அரைத்த மணல் அல்ல, ஆற்று மணல் என்பது கடைசியில் நின்ற பிள்ளைக்கும் புரிந்துவிட்டது. கழிவுக்கல் எங்கே என்று கேட்டாய். அவர் டீ சாப்பிடக் கூப்பிட்டார்; நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குன்றின் பின்பக்கம் நடந்தாய். ஓடை முழுக்க உடைந்த கல் கொட்டிக் கிடந்தது.

அதோடு குவாரிக்காரர் தருவதாகச் சொன்ன வேலைகளும் போயின. "உங்க சந்தேகத்துல எங்க பொழப்பு போச்சுங்க மேடம்" என்று ஒரு மாணவி உன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். நீ கோபப்படவில்லை. "போச்சுதான். சேந்திருந்தா அந்தப் பொய்ய நாளைக்கு நீதான் சொல்லிக்கிட்டு நின்னிருப்ப" என்றாய். அன்று டீயைக் குடிக்காமலே நீ வைத்துவிட்டுப் போனதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலென்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. இப்போது பாடம் முழுவதும் என்னிடம். சென்ற வாரம், பாலக்கோட்டுப் பக்கம் நன்றாக நடப்பதாகச் சொல்லப்படும் ஒரு கல் அரைக்கும் கிரஷரின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தி எழுந்தாள்.

"மேடம், இத நீங்க நேர்ல பாத்தீங்களா, இல்ல அவங்க அனுப்புன படமுங்களா?"

அனுப்பிய படங்கள்தான் என்று ஒப்புக்கொண்டேன். வகுப்பு சிரித்தது. நான் கணினியை மூடிவிட்டு, பிள்ளைகளோடு அங்கே நேரில் போய்ப் பார்க்க பஸ் கேட்டு முதல்வர் அறைக்குப் போனேன். எதற்கு என்றார்.

"எனக்கே நம்பிக்கை இல்லீங்க சார். அதான்" என்றேன்.